மூன்று கையெழுத்து, ஒரே ஆள்

இந்த வாரம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அக்கா, குளோபல் டெவலப்மென்ட் மாஸ்டர்ஸ் (ஏழை நாடுகளின் வளர்ச்சி, வறுமை ஒழிப்பு பற்றிய முதுகலைப் படிப்பு) படிக்கலாமா? பிளேஸ்மென்ட் இருக்கும் படிப்பை எடுப்பதா, இல்லாததை எடுப்பதா?" தனித்தனியாகத் தட்டச்சு செய்ய எனக்குப் பொறுமை இல்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பிளேஸ்மென்ட் என்றதும் கேம்பஸ் இன்டர்வியூவும் ஆஃபர் லெட்டரும்தான் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வரும். இது அதுவல்ல. படிப்பின் ஒரு பகுதியாகச் சில வாரங்களோ சில மாதங்களோ ஒரு தொண்டு நிறுவனத்திலோ ஆய்வு மையத்திலோ வேலை செய்வது. பெரும்பாலும் கடைசியில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். முடித்ததும் அங்கேயே வேலை கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை.

என் கருத்து: பிளேஸ்மென்ட் இருப்பதையே எடுங்கள். ஆனால் "ஃபீல்டுக்குப் போகலாம்" என்ற ஆசையில் எடுக்காதீர்கள்.

வகுப்பறையைக் குறைத்துச் சொல்லவில்லை. 1949 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் பதவியேற்பு உரையில் உலகின் பெரும்பகுதியை 'வளர்ச்சி குன்றிய பகுதிகள்' என்று சொன்னதிலிருந்து பாடம் தொடங்கும். தனிநபர் வருமானம் மட்டும் போதாது, ஆயுளையும் கல்வியையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் 1990-இல் மனித வளர்ச்சிக் குறியீட்டைக் கொண்டுவந்தது, அதில் அமர்த்தியா சென்னின் பங்கு, எல்லாம் வரும். வளர்ச்சி என்று யார் யாரைப் பார்த்துச் சொல்வது என்று வகுப்பில் சண்டை நடக்கும். நானும் நன்றாகவே சண்டை போட்டேன். 2000-இல் 8 ஆக இருந்த ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகள் 2015-இல் 17 ஆகி, அதற்குக் கீழே 169 துணை இலக்குகளும் 230-க்கும் மேற்பட்ட குறியீடுகளும் முளைத்ததைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

அப்புறம் பிளேஸ்மென்டுக்குப் போனேன். எனக்குக் கிடைத்தது ஒரு நிறுவனத்தின் கண்காணிப்பு மதிப்பீட்டுப் பிரிவில், அதாவது திட்டங்கள் எவ்வளவு நடந்தன என்று கணக்கெடுக்கும் பிரிவில், ஒரு மேஜை. உடன் படித்தவர்கள் கிராமங்களிலிருந்து படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எக்செல் கோப்பில் வருகைப் பதிவேடுகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு வாரம் அழுகை வராத குறைதான்.

மூன்றாவது வாரம் ஒன்று கண்ணில் பட்டது. ஒரே பெண்ணின் கையெழுத்து மூன்று பயிற்சிகளின் தாள்களிலும் இருந்தது. அறிக்கையில் அவர் மூன்று பயனாளிகள். யாரும் ஏமாற்றவில்லை. நிதி கொடுப்பவரின் படிவத்தில் 'பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. ஒவ்வொரு பயிற்சியின் தலைகளையும் கூட்டி அதில் போடுவது வழக்கமாகிவிட்டது. என் மேலாளரிடம் சொன்னேன். "தெரியும்மா. அடுத்த காலாண்டில் திடீரென்று குறைத்துக் காட்டினால் ஏன் குறைந்தது என்று கேட்பார்களே" என்றார். நான் கிண்டல் செய்த அந்தக் குறியீடுகளுக்குள் போய்ச் சேரும் எண்களில் எத்தனை இப்படிப் பிறந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். எந்த விரிவுரையும் எனக்கு அதைக் காட்டியிருக்காது.

ஃபீல்டு ஆசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரக வளர்ச்சியை ஆராய்ந்த பிரிட்டிஷ் அறிஞர் ராபர்ட் சேம்பர்ஸ் இதை எப்போதோ சொல்லிவிட்டார். நகரத்திலிருந்து போகும் நிபுணர் தார்ச்சாலை போகும் இடத்துக்கே போவார், மழை இல்லாத மாதத்தில் போவார், ஊர்ப் பெரியவர்களையும் ஆண்களையும் சந்தித்துவிட்டுத் திரும்புவார். பரம ஏழை அவர் கண்ணிலேயே படமாட்டார். மொழி தெரியாத மாணவர் எட்டு வாரம் போய் வருவது இதன் நீண்ட வடிவம்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு அதனால் ஏதாவது பயன் உண்டா என்பது வேறு கதை.

அடுத்தது பணம். இந்தத் துறையில் சம்பளமில்லாப் பயிற்சி சகஜம். 2015-இல் ஜெனீவாவில் ஐ.நா.வில் ஊதியமில்லாமல் பயிற்சிக்குச் சேர்ந்த ஓர் இளைஞர் கூடாரத்தில் தங்கியது உலகச் செய்தியானது. வறுமையை ஒழிக்கும் துறைக்குள் நுழையவே பல மாதம் வருமானம் இல்லாமல் இருக்கத் தெம்பு வேண்டும் என்றால், உள்ளே வருபவர்கள் யாராக இருப்பார்கள்? எனக்குச் சேமிப்பு கொஞ்சம் இருந்தது, சமாளித்தேன். இல்லாத தோழி ஒருத்தி பிளேஸ்மென்ட் வேண்டாமென்று ஆய்வேட்டு வழியை எடுத்தாள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

வேலைச் சந்தை நிலவரமும் தெரிந்துகொண்டு வாருங்கள். 1961-இல் தொடங்கிய யுஎஸ்எய்ட், அதாவது அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பு, 2025-இல் மூடப்பட்டது. தன் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வெளிநாட்டு உதவிக்குக் கொடுத்துவந்த பிரிட்டன் அதை 0.5 ஆக்கி, 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்துவிட்டது. அனுபவம் உள்ளவர்களே வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். இதில் வேடிக்கை, நாங்கள் நாள் முழுக்க நிரப்பும் லாக்ஃப்ரேம் அட்டவணையே (ஒரு திட்டத்தின் நோக்கம், செயல், அளவுகோல் எல்லாவற்றையும் கட்டம் போட்டுக் காட்டுவது) 1960-களின் இறுதியில் யுஎஸ்எய்டுக்காக உருவானதுதான். அதைப் பெற்ற வீடு மூடிவிட்டது, பிள்ளை எல்லா அலுவலகத்திலும் உட்கார்ந்திருக்கிறது. அந்த அட்டவணையைச் சந்தேகத்தோடு படிக்கவும், ஒழுங்காக நிரப்பவும் தெரிந்தவருக்கு இந்தத் துறைக்கு வெளியேயும் வேலை உண்டு. எனக்கு இப்போது சோறு போடுவது அந்த எக்செல் மேஜைதான்.

சரி, சேரும் முன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இடத்தைப் பிடித்துத் தருவது அவர்களா, நீங்களா என்று கேளுங்கள். "உதவி செய்வோம்" என்று பதில் வந்தால், நீங்கள்தான் ஐம்பது பேருக்குக் கடிதம் எழுதப்போகிறீர்கள் என்று அர்த்தம். உதவித்தொகை உண்டா, அங்கே கிடைக்கும் தரவை ஆய்வேட்டில் பயன்படுத்த விடுவார்களா என்பதையும் கேளுங்கள். இரண்டாவதை நான் கேட்காமல் போய், கையெழுத்துக் கதையை ஆய்வேட்டில் ஒரு வரிகூட எழுத முடியாமல் போனது. நேரான பதில் வராவிட்டால், அதைப் பிளேஸ்மென்ட் இல்லாத படிப்பாகவே கணக்கில் வைத்து, கட்டணத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.