நார் விரிசலைத் தடுக்கும், கம்பிக்கு மாற்றாகாது

காங்கிரீட்டில் தேங்காய் நார் கலந்தால் கம்பியைக் குறைக்கலாம் என்று சொல்வது ஆபத்தான யோசனை. தளம், பீம், தூண் எதிலும் கம்பிக் கணக்கு அப்படியே இருக்க வேண்டும். காங்கிரீட் இறுகும்போது வரும் மயிரிழை விரிசலைத் தடுப்பதும், உடைந்தால் சட்டென்று பிளக்காமல் பிடித்துக்கொள்வதும்தான் நாரின் வேலை. சுவர்ப் பூச்சுக்கும் நடைபாதைக்கும் அருமையான பொருள்.

50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு அரை கிலோ நார், 3 செ.மீ. நீளத்தில் வெட்டியது போதும். கூடினால் பந்து பந்தாகச் சுருண்டு உள்ளே பொந்து விழும். நார்த்தூளை உதறிவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, ஒரு நாள் ஊறவைத்து வடித்து, கலவை தயாரான பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். காய்ந்த நாரைப் போட்டால் கலவைத் தண்ணீரைக் குடித்துவிடும். கலவை இறுக்கமாக இருக்கிறதே என்று ஆட்கள் மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள், பலம் போய்விடும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் அலசாமல் விடவே கூடாது. உப்பங்கழியில் ஊறிய நாராக இருந்தால் அந்த உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

சிமென்ட்டின் காரம் நாளடைவில் நாரையே அரிக்கும். சிமென்ட்டில் ஒரு பகுதிக்குப் பதில் ஃப்ளை ஆஷ் (அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து வரும் சாம்பல்) சேர்த்தால் அந்த அரிப்பு தாமதமாகும். நெய்வேலிச் சாம்பல் பழுப்பு நிலக்கரியில் வருவது, சுண்ணாம்பு கூடுதல். சோதித்த பிறகே சேருங்கள்.