கொம்பு அறுப்பது கொடுமையா?

வேட்டைக்காரர்களிடமிருந்து காப்பாற்றக் காண்டாமிருகத்தின் கொம்பை முன்கூட்டியே நீக்கிவிடுவது பற்றி, "கொம்பை அறுப்பது இயற்கைக்கு விரோதம்" என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையில் கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார். தென்னாப்பிரிக்காவில் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். ஹெலிகாப்டரிலிருந்து மயக்க ஊசி போடுகிறார்கள். காண்டாமிருகம் தள்ளாடிச் சாய்ந்ததும் கண்ணைத் துணியால் கட்டி, காதை அடைத்து, கொம்பு வளரும் அடிப்பகுதியைத் தொடாமல் ரம்பத்தால் அறுக்கிறார்கள். கொம்பும் நம் நகம் மாதிரி கெரட்டின்தான். வலிக்காது, திரும்பவும் வளரும்.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அங்கே க்ரூகர் தேசியப் பூங்கா வட்டாரத்தில் 2017 முதல் 2023 வரை நடந்ததை ஆராய்ந்த கட்டுரை 2025-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கொம்பு நீக்கிய எட்டு காப்பகங்களில் வேட்டை 78% குறைந்திருக்கிறது. பாதுகாப்புச் செலவில் இதற்குப் போனது 1.2% மட்டுமே! கேமரா, மோப்ப நாய், நூற்றுக்கணக்கான கைதுகள் என்று கொட்டிய பணத்துக்கு இவ்வளவு பலன் தெரியவில்லை.

இதுவே சர்வரோக நிவாரணி என்று சொல்ல வரவில்லை. இரண்டு வருடத்துக்குள் மறுபடி அறுக்க வேண்டும். மிஞ்சிய அடிக்கட்டைக்காகவும் சுடுகிறான் பாவி. வியட்நாமில் கொம்பைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கும்வரை அது நிற்காது.

கட்டுரை தொடாத விஷயம் ஒன்று உண்டு. எந்த விலங்கு எங்கே நிற்கிறது என்று வேட்டைக்காரனுக்குத் துப்புக் கொடுப்பவர்களில் பூங்கா ஊழியர்களே இருக்கிறார்கள். வேலியே பயிரை மேய்கிற இந்தக் கதையை அடுத்த முறை விரிவாக எழுதுங்கள் சார்.