ஷாக் வச்ச சைக்கிள்

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பெரிய கடை ஒன்றின் தள்ளுபடி விளம்பரம். கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு மவுண்டன் பைக், 29 அங்குலச் சக்கரம், 5,499 ராண்ட். கீழே ஒரு வரி: “அண்ணே, முன்னால ஷாக் எல்லாம் இருக்கு. வாங்கிடட்டுமா?”

பிரேக் எப்படி, டயர் எப்படி, தன் உயரத்துக்குச் சரியாக இருக்குமா, ஒன்றும் கேட்கவில்லை. ஷாக் இருக்கிறது, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால் கவையான ஃபோர்க் அமுங்கி எழும், அவ்வளவுதான். “வேண்டாம்” என்று பதில் போட்டேன். “ஏண்ணே?” என்றார். தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். வாட்ஸ்அப்பில் அடங்காது என்று தெரிந்ததும் இங்கே வந்துவிட்டேன். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2017இல் நானும் இதே மாதிரி ஒன்றைத்தான் வாங்கினேன், இதே காரணத்துக்காக.

நான் இருப்பது டர்பனுக்கு வடக்கே. இங்கிருந்து டோங்காட், பாலிட்டோ வரை சாலையை விட்டு இறங்கினால் கரும்புக்காடுதான். டிராக்டரும் கரும்பு லாரியும் போய்ப் போய் மண்பாதை வரிவரியாக அலை போட்டிருக்கும். நடுவில் மழைத்தண்ணீர் அறுத்த வாய்க்கால், ஓரத்தில் சரளை. சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம். முதல் ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு இறக்கத்தில் விட்டேன். அந்த அலைகளில் முன்சக்கரம் ஏறியதும் ஹேண்டில்பார் குதிக்கத் தொடங்கியது. நான் வேகமாகப் போகப் போகக் குதிப்பும் கூடியது. கீழே ஒரு வளைவு. திருப்பினேன், சக்கரம் தரையில் இருந்தால்தானே திரும்பும்? நேராகக் கரும்புக்குள் போய் விழுந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை, ஆனால் கரும்புத் தோகை இரண்டு முழங்கையையும் பிளேடு போட்ட மாதிரி கீறிவிட்டது. ஒரு வாரம் குளிக்கும்போதெல்லாம் எரிச்சல்.

எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். விலை குறைந்த சாமான் நமக்குச் செய்யும் பெரிய கெடுதல் இதுதான். குறை அதில் இருக்கும், பழியை நாம் சுமப்போம்.

ஊரில் நூறு சிசி பைக் வைத்திருந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். முன் ஃபோர்க்கில் ஆயில் சீல் போய் ஆயில் ஒழுகிவிட்டால் வண்டி எப்படி ஓடும்? ஒரு பள்ளத்தில் இறங்கினால் மூன்று முறை தலையாட்டும். ஸ்பிரிங் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஸ்பிரிங்குக்கு வாங்கவும் திருப்பிக் கொடுக்கவும் மட்டும்தான் தெரியும். எவ்வளவு அடி வாங்கியதோ அவ்வளவையும் கையிலேயே திருப்பிக் கொடுக்கும். அந்த அடியை அடக்குவது ஆயில். சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக ஆயில் நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது வேகம் சூடாக மாறிக் காற்றில் போய்விடுகிறது. இதற்கு டேம்பிங் என்று பெயர். பழைய கார் வாங்கப் போனால் பானெட்டின் மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுப்போம், இல்லையா? ஒரு முறை எழுந்து நின்றுவிட்டால் நல்ல வண்டி. ஊஞ்சல் ஆடினால் விலையைக் குறைத்துக் கேட்போம். காருக்கு இவ்வளவு பார்க்கிறவர்கள் சைக்கிள் கடையில் அந்த ஃபோர்க்கை அழுத்திப் பார்த்து, அது ஊஞ்சல் ஆடுவதைக் கண்டு “அடடா, நல்லா வேலை செய்யுது” என்று சந்தோஷப்படுகிறோம்.

ஒரு வருடம் கழித்து முன்பக்கம் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. டோங்காட்டில் தன் வீட்டு கராஜிலேயே சைக்கிள் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பவர். 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்தபின், கரும்பு வெட்ட அடுத்தடுத்து வந்த கூட்டத்தில் ஒருவருடைய பேரப்பிள்ளை வழி. தமிழ் அவருக்கு ஆயாவிடம் கேட்டது மட்டும்தான், பாதி இங்கிலீஷ் கலந்து வரும். நான் எங்கே ஓட்டுகிறேன் என்று கேட்டார், சொன்னேன். “எங்க ஆயா அந்தக் காட்ட விட்டு வெளிய வர என்ன பாடுபட்டா தெரியுமா? நீ காசு குடுத்து உள்ள போற!” என்று சிரித்தார். அதற்குப் பதில் என்னிடம் இன்றுவரை இல்லை.

அடியில் இரண்டு போல்ட்டைக் கழற்றி வெளிக்குழாயை உருவினார். முதலில் வந்தது தண்ணீர், ஒரு கரண்டி அளவு, டீ நிறத்தில். ஃபோர்க்கின் இடது காலுக்குள் ஒரு ஸ்பிரிங், அதன் நடுவே மெழுகுவர்த்தி மாதிரி ஒரு மஞ்சள் ரப்பர்த் தண்டு, அதுவும் பாதியில் வெடித்திருந்தது. வலது காலுக்குள் ஸ்பிரிங்கே இல்லை. ஃபோர்க்கைப் பூட்டி வைக்கும் லாக்அவுட்டுக்கான ஒரு பிளாஸ்டிக் தண்டு மட்டும் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கிரீஸ் இருந்ததற்கு அடையாளமாகப் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது.

“ஆயில் எங்கண்ணே?”

“ஆயிலா? இதுல ஆயில் ஊத்த எடமே கெடையாது தம்பி.”

உள்குழாயைத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேலே பூசிய குரோம் புள்ளிபுள்ளியாகப் பெயர்ந்து, அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது. உள்ளே இரும்பு. டர்பன் காற்றில் உப்பு, வருடம் முழுக்க ஈரம். தழும்பு விழுந்த குழாய் ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர் சீலை அரம் மாதிரி அறுக்கும். அறுந்த சீல் வழியாக மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். குழாய் ஆடாமல் வழுக்கி ஏறி இறங்க உள்ளே பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கும், புஷ் என்பார்கள். அந்த மண் அதைத் தின்னும். புஷ் தேய்ந்ததால்தான் டக் டக். நீங்களும் பார்க்கலாம்: முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் திரும்பும் மூட்டான ஹெட்செட் இறுக்கமாக இருந்தும் ஃபோர்க்கின் கால்கள் உள்ளுக்குள் தளதளத்தால் புஷ் காலி. மாற்றலாமா என்று கேட்டேன். பாகத்தைத் தேடி வாங்கி, கூலியும் சேர்த்தால் ஃபோர்க்கின் விலையே வந்துவிடும் என்றார்.

ஊருக்குப் போகும்போது பெட்டி 23 கிலோவைத் தாண்டுகிறதா என்று பார்க்கக் கொக்கி வைத்த ஒரு தராசு வைத்திருப்போமே, அதில் அந்த ஃபோர்க்கைத் தொங்கவிட்டேன். 2.7 கிலோ. ஷாக் இல்லாத சாதாரண ரிஜிட் ஃபோர்க் ஒன்றை அண்ணன் எடுத்துக் கொடுத்தார், அதுவும் இரும்புதான். 1.2 கிலோ. வித்தியாசம் ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஒரு வருடமாக ஒவ்வொரு மேட்டிலும் அந்தத் தண்ணீரைச் சுமந்திருக்கிறேன். அது மட்டுமா, மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் மிதியில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்கவே போய்விடும். லாக்அவுட் இருக்கிறதே என்பீர்கள். என்னுடையது மூன்றாம் மாதமே சும்மா சுற்ற ஆரம்பித்துவிட்டது.

இறக்கத்தில் முன் பிரேக் பிடித்தால் இன்னொரு கூத்து. மூக்கு தடாலென்று கீழே போகும், உங்கள் எடை முழுக்க முன்னே சாயும். பள்ளத்தில் இறங்கும் அந்த நேரத்தில் ஃபோர்க்கில் மிச்சம் ஒன்றும் இருக்காது.

பக்கத்தில் ஒரு திருகு இருக்குமே, எடைக்குத் தகுந்த மாதிரி வைக்கலாம் என்பார்கள். முன்சுமை என்று வேண்டுமானால் அதற்குப் பெயர் வைக்கலாம். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் அமுக்கி வைப்பதைத் தவிர அது எதுவும் செய்யாது, ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. 62 கிலோ இருக்கும் எனக்கும் 98 கிலோ இருக்கும் என் நண்பருக்கும் ஒரே ஸ்பிரிங். எனக்குப் பாறை, அவருக்குப் பஞ்சு. காற்று அடைக்கும் ஃபோர்க்கில்தான் பம்பை வைத்து அவரவர் எடைக்கு அழுத்தம் வைக்க முடியும்.

இதிலே எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது பிள்ளைகள் சைக்கிளைப் பார்த்தால்தான். ஒன்பது வயதுப் பையன், 28 கிலோ இருப்பான். அவனுக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிள் 14 கிலோ. அவன் எடையில் பாதி! நம்மை 35 கிலோ சைக்கிளில் உட்கார வைத்தால் எத்தனை நாள் ஓட்டுவோம்? அவன் முழு பலத்தோடு ஏறிக் குதித்தாலும் அந்த ஸ்பிரிங் அசையாது. அது ஷாக் மாதிரி வேடம் போட்ட இரும்பு. இரண்டு மேடு ஏறிவிட்டு “அப்பா, காலு வலிக்குது” என்கிறான், நாம் “செல்போன்லயே கெடந்தா இப்படித்தான்” என்கிறோம்.

இப்படி ஒரு பொருளை ஏன் வைக்கிறார்கள்? கண்ணுக்குத் தெரிவதால். நம் மாநிலமே இதற்குக் கொஞ்சம் காரணம் என்று நினைக்கிறேன். 2013இல் மவுண்டன் பைக் உலக சாம்பியன்ஷிப் இங்கே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நடந்தது. அந்த ஊரிலேயே பிறந்த கிரெக் மின்னார், மலையிலிருந்து கீழே பாயும் டவுன்ஹில் பந்தயத்தில், கடைசிப் பகுதியில் டயர் பஞ்சரோடு வந்து ஜெயித்தார். அந்தப் படத்தைப் பார்த்த எவனுக்கும் அந்த மாதிரித் தடித்த ஃபோர்க் வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அதற்குள் இருப்பது ஆயிலும் வால்வும். இதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. ராக்‌ஷாக்ஸ் என்ற கம்பெனி 1989 வாக்கில் கொண்டுவந்த முதல் ஃபோர்க் சுமார் 5 செ.மீ. மட்டுமே அமுங்கும், ஆனால் உள்ளே காற்றும் ஆயிலும் இருந்தன. 1990இல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் கிரெக் ஹெர்போல்ட் டவுன்ஹில்லில் ஜெயித்தது ராக்‌ஷாக்ஸை வைத்துத்தான். என் கடைச் சைக்கிள் 10 செ.மீ. அமுங்கியது. என்னைக் கரும்புக்குள் தள்ளியது.

5,499 ராண்டில் கடைக்காரர் லாபம், கப்பல் கூலி, வரி எல்லாம் போக மிஞ்சும் காசில்தான் முழுச் சைக்கிளும் செய்தாக வேண்டும். அதில் ஒரு பங்கை இந்த அலங்காரம் தின்றுவிட்டால், பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் என்ன மிஞ்சும்? என் சைக்கிளில் பின் ஆக்ஸில் இரண்டு முறை வளைந்தது. சைக்கிளின் சட்டத்தில் (ஃபிரேமில்) ‘எக்ஸ்ட்ரீம்’ என்று சாய்ந்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கூடவே வந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில், தார்ச்சாலைக்கும் சமமான மண்பாதைக்கும் மட்டும் என்று இருந்தது. விழுந்த பிறகுதான் படித்தேன்.

சரி, ரிஜிட் ஃபோர்க் போட்டபின் கை போகவில்லையா என்று கேட்பீர்கள். டயரில் காற்றைக் குறைத்தேன். அதுவரை 45 பிஎஸ்ஐ வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன், பெட்ரோல் பங்க் பையன் அடித்துவிட்டது. 2.25 அங்குல டயரில் 27க்கு இறக்கியதும் அதே கரும்புக்காட்டுப் பாதை வேறு பாதை ஆகிவிட்டது. நம் உடம்புக்கும் மண்ணுக்கும் நடுவில் இருக்கும் முதல் மெத்தை டயர்தான், அதற்குத் தனியாகக் காசும் கிடையாது. மிகவும் குறைத்துவிடாதீர்கள், டியூபைக் கல் கடித்து இரண்டு பல் தடம் மாதிரி ஓட்டை விழும். முக்கியமாக, முன்சக்கரம் மண்ணிலேயே இருந்தது. திருப்பினால் திரும்பியது.

அதற்காக ஷாக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டர்பன் பக்கத்தில் சைக்கிள் ஓட்டவென்றே பாதை போட்டிருக்கும் கிபா கார்ஜில் வேரும் கல்லுமாக இருக்கும் பாதையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் உள்ளங்கை மரத்துப்போகிறது, ஒத்துக்கொள்கிறேன். அங்கே நல்ல காற்று ஃபோர்க் வைத்திருப்பவர் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார். அதற்கும் சோறு போட வேண்டும்: ஏறக்குறைய 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கீழ்க்கால் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். சைக்கிளைக் கழுவக்கூட நேரமில்லாத என் போன்றவனுக்கு அது சரிப்படாது.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் ரிஜிட் போடுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கிடைத்ததை மாட்டிவிடாதீர்கள். சக்கர அச்சிலிருந்து ஃபோர்க்கின் தலைவரை உள்ள நீளத்தை அளந்து, நீங்கள் உட்காரும்போது பழைய ஃபோர்க் எவ்வளவு அமுங்குமோ அதைக் கழித்து, அதற்கு நெருக்கமானதை வாங்குங்கள். குட்டையாக வாங்கினால் முன்பக்கம் தாழ்ந்து, ஹேண்டில் படபடக்கும், பெடல் கல்லில் இடிக்கும். ஸ்டியரர் குழாய் நேரானதா, கீழே பருத்ததா, டிஸ்க் பிரேக் மாட்ட இடம் இருக்கிறதா, இதையெல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொள்வார். புதிதாக வாங்குகிறவர்கள் அதே காசுக்குப் பழைய நல்ல சைக்கிள் தேடுங்கள். இந்த ஊரில் வசதிக்காரர்களை ‘லானி’ என்பார்களே, அந்த லானிகள் வருடத்துக்கு ஒன்று மாற்றுகிறார்கள்.

இவ்வளவையும் சுருக்கி அந்தத் தம்பிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “எல்லாம் சரிண்ணே. ஆனா முன்னால ஷாக் இல்லாம பாத்தா, நம்ம ஊர்ல பால்காரர் ஓட்டுற சைக்கிள் மாதிரி இல்ல?” என்றார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நான் விழுந்த அதே இறக்கம். என் சைக்கிளை அவர் ஓட்டட்டும். பழைய ஃபோர்க் இன்னும் கராஜில்தான் கிடக்கிறது, அவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மழை பெய்யாமல் இருக்கணும்.