ஸ்டாலின் முகம் பொறித்த பதக்கம் தங்கமும் அல்ல, அரியதும் அல்ல

சோவியத் தலைவர் ஜோசப் ஸ்டாலினின் பக்கவாட்டு முகம் பொறித்த மஞ்சள் நிறப் பதக்கம் ஒன்றின் படத்துடன், அது சோவியத் அரசு ஒரு சிலருக்கு மட்டும் வழங்கிய தங்கப் பதக்கம் என்றும், சோவியத் ஒன்றியமே இல்லாமற்போனதால் அதை ரஷ்யாவிலும் தடையின்றி வாங்கி விற்கலாம் என்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இரண்டும் தவறு.

படத்தில் இருப்பது 1945 மே 9 அன்று நிறுவப்பட்ட, ஜெர்மனி மீதான வெற்றிக்கான பதக்கம். 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள அது பித்தளையால் ஆனது. ஸ்டாலினின் தலைக்கு மேல் ‘நமது நோக்கம் நீதியானது’ என்றும், கீழே ‘நாம் வென்றோம்’ என்றும் ரஷ்ய மொழியில் பொறித்திருக்கும். ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சம் பேர் பெற்ற ஒன்றை அரியது என்று சொல்லச் சற்றுத் துணிச்சல்தான் வேண்டும். உண்மையில் அரியது, 1943-இல் நிறுவப்பட்ட ‘வெற்றி’ விருது. பிளாட்டினத்தில் வைரம் பதித்த அது மொத்தம் 20 முறையே வழங்கப்பட்டது, அவற்றிலும் அப்போதைய சோவியத் தலைவர் பிரெஷ்னேவுக்கு 1978-இல் அளித்ததை 1989-இல் ரத்து செய்துவிட்டார்கள்.

விற்பனை பற்றிய கூற்று ஆளையே சிக்கலில் மாட்டிவிடக்கூடியது. ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 324-ஆம் பிரிவு, சோவியத் ஒன்றியத்தின் அரசு விருதுகளையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, அவற்றைச் சட்டவிரோதமாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்குகிறது. அந்தப் பிரிவையும், பதக்கத்தை நிறுவிய ஆணையோடு வந்த விதிமுறையையும் யாரும் படித்துச் சரிபார்க்கலாம். இச்செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து மேலும் பகிர வேண்டாம். அனுப்பியவருக்கு இவ்விளக்கத்தை அனுப்புங்கள்.