415 கிலோமீட்டர் சாதனையாம்!

ஞாயிறு நேரலையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "கட்டாயப்படுத்தாமல் மனுஷன் ஒரு கல்லைக்கூட நகர்த்தியதில்லை" என்று ஆரம்பித்த அண்ணன், உதாரணத்துக்கு, இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் ராணுவம் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் ரயிலை எடுத்தார் பாருங்கள், அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. 415 கிலோமீட்டர், காடும் மலையும், 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் தண்டவாளத்தை இணைத்துவிட்டான் ஜப்பான்காரன். "அதான் ஒழுங்கு!" கீழே கைதட்டல் பொம்மைகள் வேறு.

வரலாற்றைப் பலவந்தம் நகர்த்தியது என்பதை நான் மறுக்கவே இல்லை. அதைச் சாதனை என்று சொல்கிறவர் எந்த வீட்டு ஆள் என்றுதான் கேட்கிறேன். அந்தப் பாதை போட லாரியில் ஏற்றப்பட்டவன் வீட்டிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதில்லை.

என் தாத்தா அந்த லாரியில் போனவர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) என்று மலாயா ரப்பர் தோட்டத்தில் சொன்னார்களாம். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், வாசித்தது பெரிய தாத்தாவின் பெயரை. அவர் காய்ச்சலில் கிடந்ததால் தம்பியான என் தாத்தா ஏறினார். யாரும் துப்பாக்கியை நீட்டவில்லை, ஒரு சிப்பாய் சும்மா பக்கத்தில் நின்றான் என்பார் பாட்டி. அந்த 'சும்மா'தான் அண்ணனுடைய ஒழுங்கு.

"அப்போ வெள்ளைக்காரன் யோக்கியனா?" என்று வருவீர்கள். இல்லை. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்க எங்களைக் கப்பலேற்றியவனே அவன்தான். "ஜப்பானோடு கைகோத்த நேதாஜியை ஏன் இழுக்கிறாய்?" நான் இழுக்கவே இல்லையே, ஐயா! "உணர்ச்சிவசப்படாதே, வேலை முடிந்ததா இல்லையா?" சரி, வேலைக்கே வருவோம். போட்ட இரண்டே வருஷத்தில் போர் முடிந்தது. அப்புறம் பர்மா பக்கம் அப்படியே கைவிடப்பட்டது. இன்று ரயில் ஓடுவது தாய்லாந்தில் 'நாம் டோக்' என்ற ஊர் வரை, சுமார் 130 கிலோமீட்டர். இதற்குப் பலி, ஜப்பானிடம் பிடிபட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் இருக்கும் என்கிறார்கள். 1943 மழையில் காலரா வந்தபோது கைதிகளுக்காவது கூடவே பிடிபட்ட ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு? மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்தான், அண்ணனே. உங்கள் ரசிகர்களில் பாதிப் பேரின் தாத்தாக்கள்.

செத்த நாள் தெரியாததால் தாத்தாவுக்குத் திதி கிடையாது. மகாளய அமாவாசையில் பொதுவாக எள்ளும் தண்ணீரும் விடுவார் அப்பா. ஒருமுறை அவரைத் தாய்லாந்தில் அந்த ரயில் பாதை போகும் காஞ்சனாபுரிக்குக் கூட்டிப்போனேன். போர்க் கல்லறைத் தோட்டத்தில் புல் அவ்வளவு ஒழுங்காக வெட்டியிருந்தது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு. அது கைதிகளுக்கான இடம், கூலிகள் இங்கே இல்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். ஆனாலும் அப்பா குனிந்து குனிந்து ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டே போனார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். இரண்டு வரிசை முடிக்கவே வெயில் ஏறிவிட்டது. மூன்றாவதுக்குப் போனவரை நான் தடுக்கவில்லை.