சாட்சி சொல்லப் போகிறவரைத் தனியாக விடாதீர்கள்

2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் என்.ஆனந்த் வெங்கடேஷும் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்கு நேரில் வந்தார்கள். வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காகக் கொல்லப்பட்ட தலித் இளைஞர் கோகுல்ராஜின் கொலை வழக்கு மேல்முறையீட்டில் இருந்தபோது, அதன் சிசிடிவி காட்சிகள் பதிவான இடத்தைப் பார்க்கத்தான் அந்த வருகை. 2015ல் அதே கோயிலில் கடைசியாக அவருடன் இருந்த முக்கியச் சாட்சி, முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆகிவிட, கேமராப் பதிவையும் சூழ்நிலைச் சாட்சியங்களையும் நம்பித்தான் வழக்கு நின்றது. விசாரணையே நாமக்கல்லில் இருந்து மதுரைக்குப் போக வேண்டி வந்தது. 2022ல்தான் கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பு.

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் நடந்தது வேறு. புகார் கொடுத்த பெண்ணின் பெயர் காவல்துறை வழியாகவே வெளியே வந்த கொடுமைக்குப் பிறகும், பாதிக்கப்பட்ட பெண்கள் பின்வாங்கவில்லை. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தப் பெண்களுக்கு இந்த மண் காலத்துக்கும் கடன்பட்டிருக்கிறது.

நம் கொங்குப் பக்கம் அடிக்கடி காதில் விழுவது என்ன? "நமக்கெதுக்குங்க வம்பு? கோர்ட்டு கச்சேரின்னு ஏறி எறங்க முடியுமுங்களா?" இப்படிச் சொல்பவர்களைக் கோழை என்று திட்ட எனக்கு மனம் வராது. சம்மன் வந்த விசைத்தறித் தொழிலாளி ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, காலை பத்து மணிக்கே நீதிமன்ற வராண்டாவில் வந்து நிற்கிறார். குற்றம் சாட்டப்பட்டவரின் ஆட்கள் நாலடி தள்ளி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மத்தியானம் வாய்தா போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த முறையும் இதே கதைதான். சொந்தபந்தமோ சாதிக்காரர்களோ "பார்த்துப் பேசப்பா" என்று வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரு வழக்கு எங்கே உடைகிறது என்று கேட்டால், இங்கேதான் என்பேன்.

சாட்சிகளைப் பற்றி மட்டும் பேசினால் போதாது, நீதிபதிகளைப் பற்றியும் வாய் திறக்கத்தான் வேண்டும். பவானி பக்கத்துக் காடப்பநல்லூரில் பிறந்த பி.சதாசிவம் 2013ல் இந்தியத் தலைமை நீதிபதியானபோது நாமெல்லாம் பூரித்துப் போனோம். வாக்காளருக்கு நோட்டா உரிமையைத் தந்தது அவர் தலைமையிலான அமர்வுதான். அதே சதாசிவம் 2014 ஏப்ரலில் ஓய்வு பெற்று, செப்டம்பரில் கேரள ஆளுநராகப் போனார். ஓய்வு பெற்ற சில மாதங்களில் அரசு தரும் பதவியை ஒரு தலைமை நீதிபதி ஏற்கலாமா என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. நம்மூர்க்காரர் என்பதற்காக நாம் அதைக் கேட்காமல் இருந்தால், இன்னொரு ஊர்க்கார நீதிபதியைக் கேட்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது? ஏற்கக்கூடாது என்பதே என் கருத்து.

இப்படிப் பேசினால் கோர்ட் அவமதிப்பு ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது குற்றமில்லை என்று 1971ம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5வது பிரிவே சொல்கிறது. அப்புறம், 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் நான்கு மூத்த நீதிபதிகளே பத்திரிகையாளர்களை அழைத்து, நீதித்துறை என்ற இந்த நிறுவனத்தைக் காப்பாற்றாவிட்டால் ஜனநாயகம் பிழைக்காது என்றார்கள். அவர்களே மக்களிடம் வந்து பேசிய பிறகு நமக்கென்ன தயக்கம்?

உங்கள் தெருவில் யாருக்காவது சாட்சி சம்மன் வந்தால் ரெண்டு பேர் கூடப் போங்கள். மிரட்டல் இருந்தால், சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018ன் கீழ் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்பு கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்த மனுவை எழுதிக் கொடுக்கவாவது உதவுங்கள்.