ஜூலையில் ஸ்டாக்ஹோமில் எங்கே போய்ச் சாப்பிடுவது?

ஜூலை வந்தாலே எரிச்சலாக இருக்கிறது. இரவு பத்து மணி வரை வெளிச்சம், வெளியே உட்கார்ந்து சாப்பிட ஸ்டாக்ஹோமில் இதைவிட நல்ல மாதம் கிடையாது. ஆனால் நகரின் தெற்கில் இருக்கும் சோடர்மால்ம் பக்கம் நல்ல சின்ன உணவகமாகத் தேடிப் போனால், கதவில் விடுமுறை அறிவிப்புதான் தொங்குகிறது. ஆகஸ்டில் வரவேண்டுமாம்.

ஊழியர்களைக் குறை சொல்லவில்லை. ஸ்வீடனின் 1977ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி வருடத்துக்கு 25 நாள் விடுமுறை, அதில் நான்கு வாரத்தைக் கோடையில் சேர்ந்தாற்போல எடுக்கலாம். எடுக்கட்டும், உழைத்தவர்கள்தானே. ஆனால் ஒரு தெருவில் எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் பூட்ட வேண்டுமா? முறை வைத்துக்கொண்டால் என்ன?

மற்ற மாதங்களில் கைகொடுப்பது 'டாகென்ஸ் லுன்ச்', அதாவது அன்றைய மதியச் சாப்பாடு. சூடான உணவு, சாலட், ரொட்டி, காபி எல்லாம் ஒரே விலைக்குள் வந்துவிடும். அது அலுவலகம் போகிறவர்களை நம்பி நடப்பது. ஜூலையில் அலுவலகங்கள் வெறிச்சோடிவிடுவதால் பல இடங்களில் அதுவும் இல்லை. இருக்கிற இடத்திலும் மதியம் 2 மணி தாண்டினால் போச்சு.

அப்புறம் மிஞ்சுவது நகரின் பழைய பகுதியான காம்லா ஸ்தானில் சுற்றுலாப் பயணிகளை நம்பி இருக்கும் கடைகள். ஆறிப்போன இறைச்சி உருண்டை, அதற்கு வாய் கூசாமல் ஒரு விலை. முதல்முறை வருகிறவர்கள் இதுதான் ஸ்வீடன் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.